ஞாயிறு, மதியம் இரண்டு மணி

கிறிஸ்டினுக்கு அந்த அட்டைகளைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

ஒரு பெட்டி நிறைய அட்டைகள். ஒவ்வொன்றிலும் 'ஞாயிறு முதல் வியாழன் வரை, மதியம் 2 மணி' என்று அச்சடித்திருந்தது. அச்சடித்த நேரத்தில் அது சரிதான். அப்போது ஜொகூர் மாநிலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாப் பிள்ளைகளும் புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போவார்கள். இந்த ஆண்டு தொடக்கத்தில் அது மாறிவிட்டது. இப்போது சனியும் ஞாயிறும்தான் விடுமுறை.

"அம்மா, புதுசா அடிச்சிடலாமே?" என்று கிறிஸ்டின் கேட்டாள்.

"நல்ல அட்டை. இதைக் கொண்டுபோய்க் குப்பையில போடச் சொல்றியா? பேனாவை எடு" என்றார் அம்மா.

கிறிஸ்டின் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவி. பள்ளி விட்டு வந்ததும் தினம் கொஞ்சம் கொஞ்சமாக அட்டைகளைத் திருத்தினாள். பழைய கிழமைகளை அடித்துவிட்டு, மேலே 'திங்கள் முதல் வெள்ளி வரை' என்று எழுத வேண்டும். பெட்டி காலியானபோது இரண்டு பேனாக்கள் தீர்ந்திருந்தன. அவள் கட்டைவிரல் நீலமாக இருந்தது.

அந்த அட்டைகள் மாடி வகுப்பினுடையவை. பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவரிசை. அதில் காசு போட்டால் தானே துவைக்கும் இயந்திரங்கள் உள்ள ஒரு டோபிக் கடை. அதற்கு மேல்மாடியில் கிறிஸ்டினின் அம்மா டொரத்தி டீச்சர் வகுப்பு நடத்தினார். ஏதோ ஒரு காரணத்தால் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோன அண்ணன்களும் அக்காக்களும் அங்கே வந்தார்கள். சீருடை கிடையாது. மணி அடிக்காது. ஒருவர் பழைய காற்றாடியைப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பார். இன்னொருவர் பக்கத்திலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

விதி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள்: 'வராதவரைத் தேடிப் போவோம்.'

அங்கே படிக்கும் ரயனுக்குப் பதினாறு வயது. அந்த விதியைப் பற்றி அவன் அடிக்கடி புலம்புவான். "ஒரு நாள் நிம்மதியா தூங்க முடியல. லோஷினி வந்து வீட்டுக் கதவைத் தட்டுறா. எங்கம்மா அவளுக்கு மைலோ கலக்கிக் குடுக்குறாங்க."

"நல்லா கலக்குறாங்க. அதனாலதான் உன்னைத் தேடி வர்றேன்" என்பாள் அவனோடு படிக்கும் லோஷினி.

புதன்கிழமைகளில் கீழே டோபிக் கடைக்கு ஒரு அக்கா வருவாள். சிவப்பும் நீலமும் கோடு போட்ட பெரிய பை நிறையத் துணி கொண்டுவருவாள். பையின் ஒரு பிடி அறுந்து, அதில் இளஞ்சிவப்பு ராஃபியா கயிறு கட்டியிருக்கும். துணியை இயந்திரத்தில் போட்டுவிட்டு, அது சுற்றுவதைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மேலே யாராவது சிரித்தால் அவள் தலை நிமிரும்.

அவள் பெயர் மலர். வயது பதினான்கு. வீடு ஏதோ ஓர் அடுக்குமாடியில். கிறிஸ்டின் இரண்டு புதன்கிழமை பேசியதில் தெரிந்துகொண்டது அவ்வளவுதான். மூன்றாவது புதன்கிழமை மலரே கேட்டாள்.

"மேல என்ன நடக்குது, தங்கச்சி?"

"வகுப்பு நடக்குது, அக்கா."

"வகுப்புல இப்படியா சிரிப்பாங்க?"

"இன்னிக்கு ரயன் அண்ணன் கேக் செஞ்சாரு. சீனிக்குப் பதிலா உப்பு போட்டுட்டாரு. எவ்வளவு போட்டாருன்னு இப்ப எல்லாரும் கணக்குப் போடுறாங்க."

மலர் சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பள்ளிக்கூடத்துல பேர் இல்லாதவங்க வரலாமா?" என்று கேட்டாள்.

"அவங்களுக்காகத்தான் அக்கா இந்த வகுப்பே."

கிறிஸ்டின் தன் புத்தகப் பையின் முன்ஜிப்பைத் திறந்தாள். உள்ளே சில அட்டைகள் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மலர் அதை இரண்டு முறை படித்தாள். கசங்காமல் சட்டைப் பையில் வைத்தாள்.

"வர்றேன். அடுத்த வாரம் முதல் நாளே கண்டிப்பா வர்றேன்" என்றாள்.

அன்று மாலை முழுக்கக் கிறிஸ்டின் மிதந்துகொண்டிருந்தாள். "அம்மா, ஒரு புது அக்கா வர்றாங்க. நான்தான் கூப்பிட்டேன்" என்று சாப்பிடும்போது மூன்று தடவை சொன்னாள்.

"சரிம்மா, கேட்டாச்சு. சோறு ஆறுது" என்றார் அப்பா கிரகோரி.

திங்கட்கிழமை வந்தது. மலர் வரவில்லை. மாடிக் கதவின் இரும்புக் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த கறிபாப்கள் இருந்தன. எல்லாம் புளித்துப்போய், எறும்பு மொய்த்துக் கிடந்தன.

"சே, அலமாக்! யாரு இதை இங்க மாட்டினது?" என்று டொரத்தி டீச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைக் குப்பையில் போட்டார்.

புதன்கிழமையும் வந்தது. டோபிக் கடை பெஞ்சில் மலர் இல்லை. கிறிஸ்டினுக்குக் கோபம் வந்தது.

"கண்டிப்பா வர்றேன்னு சொன்னாங்கம்மா. வரலன்னா எதுக்கு அப்படிச் சொல்லணும்?"

"சிலருக்கு மாடி ஏறவே நாளாகும். ரயன் ரெண்டு வாரம் கீழ ரொட்டி சானாய்க் கடை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போவான்" என்றார் அம்மா.

"ரொட்டி நல்லா இருந்துச்சு, டீச்சர்" என்றான் ரயன்.

மறுநாள் பள்ளியில் வாசிப்பு நேரம். கிறிஸ்டின் கதைப் புத்தகத்தைத் திறந்தாள். படித்த பக்கத்துக்கு அடையாளமாக ஓர் அட்டையைச் செருகி வைத்திருந்தாள். அதுவும் பையின் முன்ஜிப்பில் இருந்து எடுத்ததுதான். அவள் கண் அதன் மேல் விழுந்தது.

ஞாயிறு முதல் வியாழன் வரை, மதியம் 2 மணி.

அதில் பேனாக் கோடு இல்லை. திருத்தம் எதுவும் இல்லை. அவள் அவசரமாக முன்ஜிப்பைத் துழாவினாள். உள்ளே இருந்த நான்கு அட்டைகளும் அப்படியே இருந்தன. அவை போன வருடம் அவள் விளையாட்டாக எடுத்துப் போட்டவை. பெட்டியில் இருந்ததை எல்லாம் திருத்தியவள், தன் பையில் இருந்ததை மறந்தே போனாள்.

அப்படியென்றால், மலர் அக்கா வந்திருக்கிறாள். அட்டையில் போட்டிருந்தபடி ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறாள். அந்த நேரத்தில் கிறிஸ்டின் வீட்டில் எல்லாரும் தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கதவில் தொங்கிய கறிபாப் பை நினைவுக்கு வந்தது. அதன் வாய் இளஞ்சிவப்பு ராஃபியா கயிற்றால் கட்டியிருந்தது.

மாலையில் மாடி வகுப்பில் அவள் அம்மாவிடம் அட்டையை நீட்டினாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கறிபாப் செஞ்சு கொண்டுவந்திருக்கா, பாவம்" என்றார். "வீடு எங்கன்னு தெரியுமா?"

"தெரியாது. அடுக்குமாடின்னு சொன்னாங்க."

"இங்க எத்தனை அடுக்குமாடி இருக்கு, கிறிஸ்டின். எங்கன்னு போய்த் தேடுறது? இன்னும் நம்ம வகுப்புல சேராத பிள்ளை."

கிறிஸ்டின் சுவரைக் காட்டினாள். "'வராதவரைத் தேடிப் போவோம்'னுதான் போட்டிருக்கு. பேர் எழுதினவங்களை மட்டும்னு போடலயே. அதுவும் இவங்க வந்தவங்கம்மா. நாமதான் வரல."

பக்கத்தில் இருந்த லோஷினி, "டீச்சர், தங்கச்சி சரியாத்தான் கேக்குது" என்றாள்.

அன்று இரவு கிறிஸ்டின் படுத்துக்கொண்டே யோசித்தாள். மலர் அக்கா இனி இந்த டோபிக் கடைக்கு வரமாட்டாள். ஆனால், துணி அழுக்காகாமல் இருக்குமா? புதன்கிழமை வேறு எங்காவது துவைத்துத்தானே ஆக வேண்டும்? அடுக்குமாடி எத்தனையோ இருக்கலாம். டோபிக் கடைகளை எண்ணிவிடலாம்.

அடுத்த புதன்கிழமை மதியம் அவள் மிதிவண்டியை எடுத்தாள். "தனியா போகாதே. ரயன், நீயும் கூட போ" என்றார் அம்மா. ரயன் லோஷினியின் மிதிவண்டியை வாங்கிக்கொண்டான். அது அவனுக்குச் சின்னது. முட்டி இரண்டும் கைப்பிடியில் இடித்தன.

முதல் டோபிக் கடையில் இரண்டு பேர் தொழிற்சாலைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது கடையில் கூடைக்குள் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது கடையில் இயந்திரம் பழுது என்று எழுதி வைத்திருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"போதும் லா. வீட்டுக்குப் போலாம். என் முட்டி வீங்கிடுச்சு" என்றான் ரயன்.

"நீங்க போங்கண்ணே. நான் இன்னும் ரெண்டு கடை பார்த்துட்டு வர்றேன்."

"உன்னைத் தனியா விட்டுட்டுப் போனா டீச்சர் என்னைத் துவைச்சுக் காயப் போட்டுடுவாங்க. மிதி, மிதி."

சந்தைக்குப் பின்னால் நான்காவது கடை. வாசலிலேயே அந்தக் கோடு போட்ட பை தெரிந்தது. அறுந்த பிடியில் இளஞ்சிவப்புக் கயிறு.

கிறிஸ்டின் உள்ளே ஓடினாள். அவளைக் கண்டதும் மலரின் முகம் இறுகிப்போனது.

"மலர் அக்கா..."

"நான் வந்தேன்" என்றாள் மலர். "பூட்டியிருந்துச்சு. ஒரு மணி நேரம் படியில உட்கார்ந்திருந்தேன். கீழ கடைக்கு வர்றவங்க எல்லாம் ஒரு மாதிரி பார்த்துட்டுப் போனாங்க."

"என் தப்புக்கா. நான் குடுத்தது பழைய அட்டை. நான்தான் திருத்தாம விட்டுட்டேன். இப்ப எல்லாம் திங்கக்கிழமைதான் ஆரம்பம்."

இயந்திரத்துக்குள் துணி சுற்றிக்கொண்டே இருந்தது. மலர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கோத்தா திங்கியில இருந்தப்ப ஆறாம் ஆண்டு முடிச்சிட்டு நான் புகுமுக வகுப்புல படிச்சேன். வெள்ளம் வந்து வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. புத்தகம், பிறப்புப் பத்திரம் எல்லாம் ஊறிப்போச்சு. அப்புறம்தான் இங்க மாமா வீட்டுக்கு வந்தோம். பள்ளிக்கூடத்துல சேரப் போனோம். ஒரு தாள் இல்லன்னாங்க. கொண்டுபோனோம். இன்னொரு தாள் கேட்டாங்க. அம்மாவுக்குச் சிங்கப்பூர்ல வேலை, தினம் லீவு போட முடியாது. அப்படியே நின்னுபோச்சு."

அவள் தன் விரல்களைப் பார்த்தபடி சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் திரும்பி வர்றப்ப ஒரு மாதிரி இருக்கும். இனிமே பூட்டுன கதவைப் பார்க்க நான் வரமாட்டேன், தங்கச்சி. என் மேல கோச்சுக்காதே."

திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லத்தான் கிறிஸ்டின் வந்திருந்தாள். ஆனால் வாயில் வேறு வந்தது.

"ஞாயித்துக்கிழமை வாங்கக்கா. அட்டையில போட்டிருக்கிற மாதிரியே, ரெண்டு மணிக்கு. கதவு திறந்திருக்கும். நீங்க மேல ஏறிக்கூட வர வேண்டாம். கீழ இருந்து பாருங்க. திறந்திருந்தா வாங்க."

வெளியே வந்ததும் ரயன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஞாயித்துக்கிழமையா? டீச்சர்கிட்ட கேட்டியா?"

"இல்ல. இனிமேதான் கேக்கணும்."

டொரத்தி டீச்சர் அதைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "கிறிஸ்டின், பத்து வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு வேலை. இப்பத்தான் மனுஷி மாதிரி மத்தியானம் தூங்குறேன்."

"நீங்க தூங்குங்கம்மா. சாவியை மட்டும் குடுங்க. அப்பா கீழ ரொட்டி சானாய்க் கடையில உட்கார்ந்திருக்கட்டும். நான் கதவைத் திறந்து வெச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்."

"அவ வரலன்னா?"

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் திறப்பேன்."

அம்மா மகளை உற்றுப் பார்த்தார். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். கிரகோரி சிரித்துக்கொண்டே மனைவியைத்தான் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கே கிறிஸ்டின் மாடிக் கதவைத் திறந்தாள். இரும்புக் கம்பிக் கதவை முழுதாகத் தள்ளி, அது மூடிவிடாமல் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். சன்னல்களையும் திறந்துவிட்டாள். கடைசியில் அம்மாவும் வந்துவிட்டார். "சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்றவர், இரண்டே நிமிடத்தில் மேசையில் கன்னத்தை ஊன்றித் தூங்கிப்போனார்.

மணி இரண்டு. யாரும் வரவில்லை.

இரண்டே கால். படியில் காலடிச் சத்தம் கேட்டது. கிறிஸ்டின் துள்ளி எழுந்தாள். வந்தது ரயன். காலில் பந்து விளையாடும் சப்பாத்து.

"உங்களுக்கு இன்னிக்கு ஆட்டம் இருக்குன்னு சொன்னீங்களே?"

"முட்டி வலிக்குது லா" என்றான் ரயன். அவன் படி ஏறியதைப் பார்த்தால் முட்டி நன்றாகத்தான் இருந்தது.

பின்னாலேயே லோஷினி வந்தாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். யாரும் எதற்கு வந்தோம் என்று சொல்லவில்லை. ரயன் சத்தமாகக் கதை சொன்னான். எல்லாரும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். அந்தச் சத்தம் கீழே பெஞ்சு வரை கேட்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இரண்டரை ஆனது. இரண்டே முக்கால் ஆனது. கிறிஸ்டின் படிக்கட்டின் உச்சியில் உட்கார்ந்திருந்தாள். வராவிட்டால் அடுத்த வாரம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால், அடுத்த வாரத்தை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

கீழே படிக்கட்டின் வாசலில் ஒரு நிழல் விழுந்தது.

மலர் நின்றுகொண்டிருந்தாள். தலை வாரி, சுத்தமான சட்டை போட்டிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவள் மேலே பார்த்தாள். அகலத் திறந்திருந்த கதவைப் பார்த்தாள். முட்டுக் கொடுத்திருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

கிறிஸ்டினுக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும் போல் இருந்தது. அவள் நாற்காலியின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

மலர் முதல் படியில் கால் வைத்தாள். பிறகு அடுத்த படி. அப்புறம் நிற்கவே இல்லை.

"டீச்சர் தூங்குறாங்க" என்றாள் கிறிஸ்டின். என்ன சொல்வதென்று தெரியாமல் அதைத்தான் சொன்னாள்.

"யாரு தூங்குறா?" என்று டொரத்தி டீச்சர் திடுக்கிட்டு எழுந்தார். அவர் கன்னத்தில் நோட்டுப் புத்தகத்தின் கம்பித் தடம் பதிந்திருந்தது. மலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பையை நீட்டினாள். அதில் சூடான கறிபாப்கள் இருந்தன.

ரயன் ஒன்றைக் கடித்தான். "டீச்சர், இவங்களுக்கு உப்புக்கும் சீனிக்கும் வித்தியாசம் தெரியுது. உடனே சேர்த்துக்குங்க."

டொரத்தி டீச்சர் புதிதாக வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "முதல்ல என்ன கத்துக்கணும், மலர்?"

மலர் யோசித்தாள். "ஃபாரம் நிரப்பக் கத்துக்கணும், டீச்சர். எல்லா இடத்துலயும் அதைத்தான் குடுக்குறாங்க. எங்கம்மாவுக்கும் தெரியல. எனக்கும் தெரியல. நானே நிரப்பத் தெரிஞ்சுக்கிட்டா, நானே போய்க் குடுப்பேன்."

லோஷினி கையைத் தூக்கினாள். "எனக்கும் தெரியாது, டீச்சர். இத்தனை நாளா கேக்க வெட்கமா இருந்துச்சு."

"எனக்கும்" என்றான் ரயன், வாய் நிறையக் கறிபாப்போடு.

அன்று அவர்கள் நான்கு மணி வரை டீச்சர் எடுத்துத் தந்த மாதிரி ஃபாரங்களை நிரப்பினார்கள். மலர் தன் பெயரை எழுதினாள். கோத்தா திங்கிப் பள்ளியின் பெயரை எழுதினாள். எங்கே புரியாமல் முட்டியதோ அங்கே கேட்டாள். புறப்படும்போது சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய அட்டையை எடுத்தாள். கிறிஸ்டினிடம் பேனா வாங்கி, கிழமைகளை அடித்து, மேலே அழகாகத் திருத்தி எழுதினாள்.

"நாளைக்குத் திங்கக்கிழமை. வகுப்பு உண்டுதானே?"

"உண்டு" என்றாள் கிறிஸ்டின்.

மறுநாள் அம்மா வழியில் காய்கறி வாங்க நின்றுவிட்டார். சாவி கிறிஸ்டினிடம் இருந்தது. அவள் கடைவரிசைக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மாடிப் படியின் உச்சியில், பூட்டிய கதவில் சாய்ந்தபடி மலர் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு புது நோட்டுப் புத்தகம் இருந்தது.

"பூட்டியிருக்கு" என்றாள் மலர். இந்தத் தடவை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "சாவி உன்கிட்டதானே இருக்கு? சீக்கிரம் திற, தங்கச்சி. எனக்கு நிறைய வேலை இருக்கு."